கட்டும் முன்பே வெயிலைக் கணக்கிடலாம்

பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் பகுதிகளில் பழைய கடைவீடுகளின் அஞ்சடியில் நடந்தால் வெயில் சுடுவதில்லை, மேல்மாடியே குடையாகிறது. இதே உத்தியைப் புத்ராஜெயாவில் உள்ள எரிசக்தி ஆணையத்தின் ‘டைமண்ட்’ கட்டடத்திலும் காணலாம். 2010இல் கட்டி முடிக்கப்பட்ட இது, தலைகீழாக நிற்கும் பிரமிடு போன்றது. இதன் சுவர்கள் 25 பாகை வெளிப்புறம் சாய்ந்துள்ளன.

ஏன் 25? நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ளது. புத்ராஜெயாவில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 26 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே, நண்பகலில் ஒவ்வொரு மாடியும் தனக்குக் கீழுள்ள மாடிக்கு நிழல் தருகிறது.

இத்தகைய கணக்குகளை இன்று எளிதாக்குவது ‘பிம்’ எனப்படும் கட்டடத் தகவல் மாதிரியாக்கம். சாதாரண வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடுகள்தான். பிம் மாதிரியிலோ, அந்தச் சுவரின் பொருள், தடிமன், வெப்பம் கடத்தும் திறன் எல்லாம் பதிவாகியிருக்கும். அவற்றுடன் ஊரின் வானிலைத் தரவையும் சேர்த்தால், கண்ணாடி வழியே நுழையும் வெப்பத்தையும் குளிரூட்டிக்குத் தேவைப்படும் மின்சாரத்தையும் மென்பொருள் கணக்கிடும். மேற்குச் சன்னலை வடக்குப் பக்கம் மாற்றிப் பாருங்கள், விடையும் மாறும்.

தரவு தவறானால் விடையும் தவறும். ஆனால், கணினியில் உள்ள பிழையைச் சில நிமிடங்களில் திருத்திவிடலாம். கட்டி முடித்த பிழைக்கு மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும்.