ஆமையா, எரிமலையா? கோஸ்டாரிகா பயணத்தைக் கம்ப்யூட்டரில் திட்டமிடுவோம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் மெயில் பார்க்கப் பழகுவார்கள். பிறகு பாட்டு, படம். அதற்குப் பிறகு "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். என் பதில், ஒரு வெளிநாட்டுப் பயணத்தை முழுவதுமாகத் திட்டமிட்டுப் பாருங்கள் என்பதுதான். தேடல், மேப், ஒர்க் ஷீட், இணையப் பாதுகாப்பு ஆகிய நான்கையும் ஒரே வேலையில் கற்றுக் கொள்ளலாம்.

நானும் என் மனைவியும் இரண்டு வருடம் பணம் சேர்த்து, மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டாரிகாவிற்குச் செல்ல முடிவு செய்தோம். 1948-ல் ராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு. மேற்கே பசிபிக் கடல், கிழக்கே கரீபியன் கடல், நடுவே எரிமலைகளும் மழைக்காடுகளும். பரப்பளவு 51,100 சதுர கிலோமீட்டர்தான். அதாவது தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. நிலப்பரப்பில் சுமார் கால் பங்கு பாதுகாக்கப்பட்ட பகுதி.

"கடல் ஆமை முட்டையிடுவதை ஒரு தடவையாவது நேரில் பார்க்கணுங்க" என்பது மனைவியின் ஆசை. எனக்கோ நெருப்பு கக்கும் எரிமலை. கையில் இருந்தது பத்து இரவுகள் மட்டும். இரண்டையும், முடிந்தால் ஒரு கடற்கரையையும் இதற்குள் எப்படி அடக்குவது? கம்ப்யூட்டர் உதவியது இந்த இடத்தில்தான். நாங்கள் பின்பற்றிய வரிசையை இங்கு தருகிறேன். பணம் கட்டுவது இந்த வரிசையில் கடைசியில்தான் வரும் என்பதை இப்போதே மனதில் குறித்துக் கொள்ளுங்கள்.

1. தேடும்போது தேதியைப் பாருங்கள்

கூகுளில் அரெனல் எரிமலை என்று தேடினால், இருட்டில் செந்நிறக் குழம்பு வழிந்தோடும் அழகான படங்கள் வந்து விழும். படங்கள் உண்மையானவைதான். 1968-ல் வெடித்த இந்த எரிமலை பல ஆண்டுகள் தொடர்ந்து குமுறிக் கொண்டிருந்தது. ஆனால் 2010-ல் அது ஓய்ந்துவிட்டது. இன்று அங்கு காணக் கிடைப்பது கூம்பு வடிவ மலை, அடிவாரக் காடு, இயற்கையான வெந்நீர் ஊற்றுகள். நெருப்பைக் காண முடியாது.

எனவே எந்தப் பக்கத்தைப் படித்தாலும் அது எப்போது எழுதப்பட்டது என்று பாருங்கள். தேடல் முடிவுகள் வந்தவுடன் "டூல்ஸ்" என்பதைக் கிளிக் செய்து, "எனி டைம்" என்பதற்குப் பதில் "பாஸ்ட் இயர்" என்று தேர்ந்தெடுங்கள். கடந்த ஓர் ஆண்டுக்குள் வந்த பக்கங்கள் மட்டும் வடிகட்டப்பட்டுக் கிடைக்கும். மூன்று கிளிக் வேலைதான்.

2. மாதத்தை முடிவு செய்யுங்கள்

கோஸ்டாரிகாவில் பொதுவாக டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம்; மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். வறண்ட காலத்தில் கூட்டமும் அறை வாடகையும் அதிகம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் வாரங்களில் சொல்லவே வேண்டாம். ஆனால் இந்தக் கணக்கு பசிபிக் பக்கத்திற்குத்தான் நன்றாகப் பொருந்தும். கரீபியன் பக்கம் ஆண்டு முழுவதும் மழை உண்டு; அங்கு செப்டம்பர், அக்டோபரில்தான் மழை சற்றுக் குறையும்.

பச்சை ஆமைகள் முட்டையிட வரும் டோர்டுகேரோ கரீபியன் கரையில் இருக்கிறது. அவை வருவது ஜூலை முதல் அக்டோபர் வரை. பிப்ரவரியில் போனால் வெயில் கிடைக்கும். பச்சை ஆமை கிடைக்காது. ஆகவே ஆகஸ்ட் என்று முடிவு செய்தோம். மழைக்கோட்டும் பட்டியலில் சேர்ந்தது. இன்னொரு செய்தி: இரவில் ஆமை பார்க்க அனுமதி பெற்ற வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும். கேமரா, செல்போன் எதற்கும் அங்கு அனுமதி இல்லை. கண்ணால் பார்த்து மனதில் பதிய வைத்துக் கொள்ள வேண்டியதுதான்.

3. விசாவும் விமானமும்

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் கோஸ்டாரிகா விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவர்களுக்குச் சில நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. இந்த நிபந்தனைகள் மாறக்கூடியவை என்பதால் அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் தளத்திலும், புது தில்லியில் உள்ள தூதரகத்திடமும் உறுதி செய்து கொள்ளுங்கள். நாட்டை விட்டு வெளியேறும் பயணச் சீட்டையும் காட்டச் சொல்வார்கள்.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. அமெரிக்கா வழியாகச் சென்றால், விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். ஐரோப்பா வழியில் சில நாடுகள் டிரான்ஸிட் விசா கேட்கும். விலை குறைந்த டிக்கெட் எந்த ஊர் வழியாகச் செல்கிறது என்று பார்த்த பிறகே அதை மலிவு என்று சொல்ல முடியும்.

விமானம் தேடும் தளத்தில் ஊர்ப் பெயரை டைப் செய்யும்போது கவனம் தேவை. தலைநகரின் பெயர் சான் ஹோசே. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் இதே எழுத்துகளில் ஒரு சான் ஹோசே இருக்கிறது. நமக்கு வேண்டிய விமான நிலையத்தின் குறியீடு எஸ்ஜேஓ. கலிபோர்னியாவில் உள்ளது எஸ்ஜேசி. கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். நாட்டின் வடமேற்கில் லிபேரியா என்ற ஊரில் எல்ஐஆர் என்ற இன்னொரு விமான நிலையம் உண்டு. ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டிற்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகள்தான். ஆகவே பெயரைப் பார்க்காமல் குறியீட்டைப் பாருங்கள்.

4. மேப்பில் தூரத்தை அல்ல, நேரத்தைப் பாருங்கள்

கம்ப்யூட்டரில் கூகுள் மேப்பைத் திறந்து, அரெனல் அடிவாரத்தில் உள்ள லா ஃபோர்ட்டுனா மீது ரைட் கிளிக் செய்யுங்கள். "மெஷர் டிஸ்டன்ஸ்" என்பதைத் தேர்வு செய்து, மேகக் காடுகளுக்குப் பெயர் பெற்ற மான்டேவெர்டே மீது கிளிக் செய்யுங்கள். சுமார் 25 கிலோமீட்டர் என்று காட்டும். அரை மணி நேரப் பயணம் என்று தோன்றும்.

இப்போது "டைரக்ஷன்ஸ்" மூலம் இதே இரு ஊர்களுக்கு வழி கேளுங்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல், மூன்று மணி நேரத்துக்கு மேல் என்று வரும்! காரணம், நடுவில் நாட்டின் மிகப் பெரிய ஏரியான அரெனல் ஏரி. சாலை அதைச் சுற்றிக் கொண்டு மலை ஏறுகிறது. வேனில் சென்று, படகில் ஏரியைக் கடந்து, மீண்டும் வேனில் ஏறும் வழியும் உண்டு. கார் எடுக்காதவர்களுக்கு அது வசதி.

"லீவ் நவ்" என்று இருப்பதை "டிபார்ட் அட்" என மாற்றி, நீங்கள் அங்கு கிளம்பப் போகும் நேரத்தைக் கொடுங்கள். அங்கு ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும். மழையும் மூடுபனியும் உள்ள மலைப் பாதை, வலப்பக்கம் ஓட்ட வேண்டிய நாடு. ஆகவே மேப் காட்டும் நேரத்துடன் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் கொண்டு, வெளிச்சத்திலேயே போய்ச் சேரும்படி நாங்கள் கணக்கிட்டோம்.

முகவரியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. கோஸ்டாரிகாவில் கதவு எண், தெருப் பெயர் என்று எழுதும் பழக்கம் குறைவு. "தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் கிழக்கே" என்பதுபோல் அடையாளம் சொல்வார்கள். இதை டைப் செய்தால் மேப் விழிக்கும். எனவே ஹோட்டலை மேப்பில் கண்டுபிடித்து ரைட் கிளிக் செய்யுங்கள். மெனுவின் முதல் வரியில் இரண்டு எண்கள் இருக்கும். அவைதான் அட்சரேகை, தீர்க்கரேகை. அதன் மேல் கிளிக் செய்தால் காப்பி ஆகிவிடும். அதைப் பத்திரமாகச் சேர்த்து வையுங்கள். செல்போனில் அந்தப் பகுதியின் ஆஃப்லைன் மேப்பையும் டவுன்லோட் செய்து கொண்டால், இணைப்பு இல்லாத காட்டுப் பாதையிலும் வழி தெரியும்.

5. ஒர்க் ஷீட்டில் பத்து இரவுகள்

எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. ஏழு பத்திகள் போதும்: தேதி, கிழமை, தங்கும் ஊர், சாலை நேரம், மேப் எண்கள், செலவு, ரத்து செய்யக் கடைசி நாள். கூகுள் ஷீட்ஸில் "ஷேர்" பட்டனை அழுத்தி மனைவியின் மெயில் முகவரியைச் சேர்த்தேன். இருவரும் அவரவர் இடத்திலிருந்து ஒரே பட்டியலைத் திருத்தினோம்.

ஞாயிறு இரவு தலைநகரை அடைவதாக வைத்துக் கொண்டு முதலில் இப்படிப் போட்டோம்: விமான நிலையத்தை ஒட்டிய அலகுவேலாவில் 1 இரவு, டோர்டுகேரோ 2, லா ஃபோர்ட்டுனா 3, மான்டேவெர்டே 2, பசிபிக் கரையில் குரங்குகளுக்கும் கடற்கரைக்கும் பெயர் பெற்ற மானுவல் அன்டோனியோவில் 2. மொத்தம் பத்து.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கிழமைப் பத்தியைப் பாருங்கள். மானுவல் அன்டோனியோவில் முழுதாகக் கிடைப்பது ஒரே ஒரு நாள்; அது செவ்வாய்க்கிழமை. அந்தத் தேசியப் பூங்காவிற்குச் செவ்வாய்தான் விடுமுறை! மேலும் புதன்கிழமை நான்கு சக்கரத்தில் மூன்று மணி நேரம் ஓடி அன்றே விமானம் பிடிக்க வேண்டும். வழியில் ஒரு மண்சரிவு வந்தால் எல்லாம் போச்சு.

எங்கிருந்து ஓர் இரவை எடுப்பது? ஆமை தவறாமல் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது; எனவே டோர்டுகேரோவில் இரண்டு இரவுகள் அவசியம். நெருப்பு ஓய்ந்த எரிமலைக்கு மூன்று இரவு எதற்கு என்று நானே லா ஃபோர்ட்டுனாவில் ஒன்றைக் குறைத்தேன். பூங்கா நாள் திங்கள் ஆயிற்று. செவ்வாய் இரவு அலகுவேலாவில் தங்கி, புதன்கிழமை நிதானமாக விமானம். அதே பத்து இரவுதான். இப்போது மூன்றும் அடங்கின.

ஷீட் இன்னொன்றையும் காட்டியது. டோர்டுகேரோவிற்குச் சாலை கிடையாது. படகு அல்லது சிறு விமானத்தில்தான் போக முடியும். முதல் நாளே கார் எடுத்தால் அது படகுத் துறையில் சும்மா நிற்கும்; வாடகை மட்டும் ஏறும். எனவே காரை லா ஃபோர்ட்டுனாவில் எடுப்பதாக மாற்றினோம்.

6. கடைசியில் பணம்

இனி கார்டை எடுக்கலாம். ஆனால் திரையில் தெரியும் விலை முழு விலை அல்ல. கார் வாடகை சில டாலர் என்று காட்டும். அந்நாட்டில் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு அதில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அங்கு போனபின் அது வாடகையையே தாண்டலாம். "காப்பீடு உள்பட மொத்தம் எவ்வளவு?" என்று மெயிலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அறை வாடகைக்கு 13 சதவீத வரி சேர்ந்ததா என்றும் பாருங்கள். இந்திய நேரம் அவர்களைவிட பதினொன்றரை மணி நேரம் முந்தியது. நம் இரவு எட்டரை மணிக்கு அவர்களுக்குக் காலை ஒன்பது; அப்போது அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும்.

மானுவல் அன்டோனியோ பூங்கா டிக்கெட் இணையத்தில்தான் வாங்க வேண்டும். அந்நாட்டு அரசுத் தளங்களின் பெயர் ஜிஓ, புள்ளி, சிஆர் என்று முடியும். பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். அங்கு இந்த முடிவு இல்லாமல், நடுவில் எங்கோ பூங்காவின் பெயர் மட்டும் இருந்தால் அது அரசுத் தளம் அல்ல. பூட்டுப் படம் இருப்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். இணைப்பு மறைக்குறியாக்கம் செய்யப்பட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. எதிரில் இருப்பவர் நல்லவர் என்று சொல்லாது.

நம் வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே நெட் பேங்கிங்கில் இயக்க வேண்டும். வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கக்கூடும். எனவே தேவையான தொகைக்கு மட்டும் வரம்பு வைத்து, வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

பெட்டி கட்டும்போது லேப்டாப் சார்ஜரின் அடியில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். இன்புட் 100-240 வோல்ட் என்று இருந்தால் கவலை இல்லை. அங்கு மின்சாரம் சுமார் 120 வோல்ட். பிளக் அமெரிக்காவில் உள்ளதுபோல் தட்டையான முனைகள் கொண்டது. ஓர் அடாப்டர் போதும். நம் ஊர் எலெக்ட்ரிக் கெட்டிலை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

தேதி, மாதம், விசா, மேப், ஷீட், பணம் என்ற இந்த வரிசை எந்த ஊருக்கும் பொருந்தும். பணம் கட்டும்வரை ஷீட்டில் எத்தனை முறை மாற்றினாலும் ஒரு பைசா செலவில்லை. கட்டிய பிறகு ஒவ்வொரு மாற்றத்திற்கும் விலை உண்டு. இந்த வார இறுதியில் உங்கள் துணையுடன் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, நீங்கள் செல்ல விரும்பும் இடத்திற்கு ஒரு ஷீட்டைத் திறந்து பாருங்கள். கிழமைப் பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.