ஏர்சாப்ட் விளையாட்டும் கண்காப்பும்

ஏர்சாப்ட் என்பது 1970-ஆம் ஆண்டுகளில் ஜப்பான் தேசத்திலே தோன்றிப் பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய ஒரு விளையாட்டு. உண்மைத் துப்பாக்கியை உருவில் ஒத்த கருவியினின்று, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பிளாஸ்டிக் குண்டுகள் காற்றின் விசையால் வெளிப்படும். இரு கட்சியார் மரச்செறிவிலும் பாழ்ங்கட்டடங்களிலும் மறைந்து நின்று ஒருவரையொருவர் சுடுவர். குண்டு பட்டவன் தானே அதனை ஒப்புக்கொண்டு விலகுதல் முறை. தோலிற் பட்டால் சிறு தடிப்பு உண்டாகும், அவ்வளவே. கண்ணிற் பட்டாலோ நிலைமை வேறு.

0.20 கிராம் நிறையுள்ள குண்டு வினாடிக்கு 100 மீட்டர் வேகத்துடன் செல்லுமாயின் அதன் ஆற்றல் ஒரு ஜூல் ஆகும். ஜப்பானியச் சட்டம் ஏறத்தாழ இவ்வளவோடு நிறுத்திவிடுகின்றது. பிரிட்டனிலோ 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொடர்ந்து சுடுங் கருவிக்கு 1.3 ஜூலும், ஒவ்வொன்றாய்ச் சுடுவதற்கு 2.5 ஜூலும் எல்லை. இஃது அற்பமன்றோ எனின், அன்று. பெரிய பந்தொன்று முகத்தில் மோதினால் கண்குழியைச் சூழ்ந்த எலும்பு அதனைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இச்சிறு குண்டோ அவ்வெலும்பைத் தீண்டாமலே விழியைத் தாக்கவல்லது. அதனால் விழியின் முன்னறையில் இரத்தந் தேங்குதலும், வில்லை புரையோடுதலும், சில ஆண்டுகள் கழித்துக் கண்ணழுத்தம் மிகுதலும் நேரக்கூடும்.

ஆதலின் முதன்முறை ஆடச் செல்பவன், வெயிற் கண்ணாடியையோ படிப்பதற்குரிய மூக்குக்கண்ணாடியையோ நம்புதல் ஆகாது. வாங்கும் பொருளின் விளிம்பிற் பொறித்த குறியை நோக்குக. இ.என். 166 என்னும் ஐரோப்பிய அளவையிலே 'எப்' குறி, 0.86 கிராம் எஃகுக் குண்டினை வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் தாங்கியமையைக் காட்டும். கணக்கிட்டுப் பார்ப்பின் அஃது ஒரு ஜூலுக்குஞ் சற்றுக் குறைவே! 'பி' குறியோ 120 மீட்டர் வேகத்திற்குரியது. அதாவது ஆறு ஜூலுக்கு மேல். எனவே 'பி' குறியுள்ளதனைத் தேர்தலே தக்கது. அமெரிக்கப் பொருளாயின் 'இசட் 87' என்பதன்பின் கூட்டற்குறி உளதா எனக் காண்க. அக்குறியே மிகுந்த மோதலைத் தாங்குவதற்கு அடையாளம்.

நிற்க. வலிமை ஒன்றையே கருதி வாங்குவோர் மறந்துவிடுவது மூடுபனி. ஓடி வியர்த்தவனுடைய மூச்சும் உடற்சூடும் கண்ணாடியின் உட்புறத்தை மங்கச்செய்யும். ஒன்றுந் தெரியாத நிலையில் அவன் என் செய்வான்? ஒரு கணம் உயர்த்தித் துடைப்பான். அக்கணத்தில் எத்துணை வலிய கண்ணாடியும் இல்லாததற்கே சமானம். ஆகவே, இடையே காற்றடைத்த இரட்டைப் படலமுடையதும் காற்றோட்டத் துளைகள் நன்கமைந்ததுமே விரும்பத்தக்கது. ஆட்ட நாளுக்கு முன்னரே அதனை அணிந்து பத்து நிமிஷம் மாடிப்படி ஏறியிறங்கிப் பார்த்தல் நலம். வீட்டார் நகைப்பர், நகைக்கட்டும். கண்ணாடி மங்கிவிடின் களத்தில் உயர்த்தாது, நடுவரை அழைத்து, காப்பிடஞ் சென்றே கழற்றுக.

கம்பிவலைக் காப்பு மங்குவதில்லை என்பது மெய்யே. ஆயின் குண்டு சிதறினால் அதன் துகள் வலைக்கண் வழியே நுழையும். வாய்க்கும் பல்லுக்கும் வலை போதும். விழிக்கு முழுப் படலமே வேண்டும்.

மூக்குக்கண்ணாடி அணிவோர், அதன்மேல் இடருற அழுத்தாமல் அமையும் பெரிய காப்பினையே தேடுக. யாவரும் அணிந்தபின் தலையை உலுக்கி, குனிந்து நிமிர்ந்து, விளிம்பிலே விரல் புகும் இடைவெளி உளதா எனச் சோதித்தல் வேண்டும். கறுப்பு நிறப் படலம் அழகாய்த் தோன்றினும் மரநிழலிலே பார்வையைக் குறைப்பதால், தெளிந்த நிறமே தொடக்கக்காரனுக்கு ஏற்றது. சொந்தமாய் வாங்க மனமில்லையேல், பல களங்களில் முகமுழுதும் மூடுங் கவசம் வாடகைக்குக் கிடைக்கும். முதல் நாளுக்கு அதுவே போதும். பெற்றவுடன் படலத்தில் கீறலோ வெடிப்போ உளதா என வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, இருப்பின் வேறொன்று கேட்டு வாங்குக.