குவாரித் தண்ணீரில் கயிறுதான் கண்

ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டு என்றதும், 2022-இல் தொல்லியல் துறை தோண்டிய குழிகள் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருபவை, காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஜல்லிக்காகத் தோண்டிவிட்டு அப்படியே விட்டுப்போன குழிகள். நம் ஏரிகளுக்கு ஆழம் குறைவு. செம்பரம்பாக்கமே நிரம்பி நின்றால் 24 அடிதான். கல்குவாரி நூறு அடிக்கும் மேல் செங்குத்தாக இறங்கும். மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கிய தண்ணீரும் 2017, 2019 வறட்சியில் சென்னையின் தாகம் தீர்க்கக் கைகொடுத்தது.

இப்படிக் குவாரிகளில் தேங்கிய தண்ணீரில் பிள்ளைகள் மூழ்கிவிட்டால், தீயணைப்புத் துறையின் ஸ்கூபா வீரர்கள் இறங்குகிறார்கள். கடலில் பவளமும் மீனும் பார்க்கப் போகிற ஸ்கூபா வேறு, இது வேறு. கொஞ்ச ஆழத்திலேயே பச்சை கறுத்துவிடும். வெயில் பட்ட மேல்தண்ணீரைத் தாண்டினால் சட்டென்று குளிர் அறையும். துடுப்புக்கால் அடியில் பட்டால் கல்தூள் சேறு கிளம்பும்; டார்ச் அடித்தால் வெள்ளைப் புகைதான் தெரியும். சுமார் 34 அடிக்கு ஒருமுறை ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நூறு அடியில் மூச்சுக்கு நான்கு மடங்கு காற்று செலவாகும். மேலே ஒன்றரை மணி நேரம் வருகிற சிலிண்டர், அங்கே அரை மணிகூட வராது.

ஆகவே தேடுவது கண்ணல்ல, கை. கரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்பார். கீழே இருப்பவர் கயிறு தொய்யாமல் அரைவட்டமாகத் தடவிக்கொண்டே போவார். ஒரு சுற்று முடிந்தால் மேலே இருப்பவர் ஒரு கை அளவு கயிறு விடுவார், மறுபடி அரைவட்டம். எத்தனை இழுப்புக்கு என்ன பொருள் என்று முன்பே பேசிவைத்திருப்பார்கள். முத்துக்குளிக்கும் கரையில் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்ற பழைய பேச்சு இங்கேதான் புரிகிறது: தங்கையின் தாலி அவன் கையில்.

இந்த வீரர்கள் பெரும்பாலும் இறங்குவது உயிரை மீட்க அல்ல, உடலை எடுக்க. கல் எடுத்து முடித்த குழியைச் சுற்றி, ஆள் ஏற முடியாத வேலி போட்டிருந்தால் அவர்கள் வரவே தேவையிருக்காது. வேலி போட வேண்டியவர்கள் குத்தகைதாரர்கள். போட வைக்க வேண்டியவர்கள் அதிகாரிகள்.

கயிறு பிடித்தவர் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் மூழ்கிய பையனின் அம்மா உட்கார்ந்திருக்கிறார்; மடியில், கரையில் கிடந்த அவன் சட்டை.