இணைய அவதூறு: ஓராண்டுக்குள் வழக்கு

ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கும் பொய்யை அச்சில் எழுதினாலும் ஃபேஸ்புக்கில் எழுதினாலும் இந்தியச் சட்டத்தின் பார்வையில் அது அவதூறுதான். பாதிக்கப்பட்டவர் குற்றவியல் வழக்கும் தொடரலாம், மானநஷ்ட ஈடு கேட்டு உரிமையியல் வழக்கும் தொடரலாம். ஒன்று மற்றதைத் தடுக்காது.

எந்த வழியானாலும், முதல் வேலை சான்றைப் பத்திரப்படுத்துவது. ஆத்திரத்தில் பதில் எழுதுவதற்குள் மூலப் பதிவே அழிக்கப்பட்டுவிடலாம். ஸ்கிரீன்ஷாட்டுடன் பதிவின் முழு இணைய முகவரி, கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாம் வேண்டும். பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவு கோரும் சான்றிதழ் இல்லாத மின்னணு நகலை நீதிமன்றம் பொதுவாக ஏற்பதில்லை.

பலர் முதலில் போவது காவல் நிலையத்துக்கு, ஏமாறுவதும் அங்கேதான். பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவின்படி அவதூறுக்கு 2 ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம் அல்லது சமூக சேவை விதிக்கலாம். ஆனால் இதற்குப் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவரே நடுவர் நீதிமன்றத்தில் தனிநபர் புகார் தாக்கல் செய்ய வேண்டும். போலிக் கணக்கு, ஆபாசமாக மாற்றப்பட்ட படம் போன்றவை வேறு குற்றங்கள். அவற்றுக்கு சைபர் கிரைம் போலீசை அணுகலாம்.

உரிமையியல் வழக்கில் கவனம் தவறக்கூடாத இடம் காலவரம்பு. 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் தருவது ஓராண்டு மட்டுமே. பதிவு இன்னும் இணையத்தில் இருக்கிறதே என்ற வாதம் எடுபடுவது கடினம்: முதலில் வெளியான நாளிலிருந்தே கணக்கு தொடங்கும் என்று 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வக்கீல் நோட்டீசுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தே உரிமையை இழந்துவிட நேரும். விசாரணைக்கு முன்பே இடைக்காலத் தடை பெறுவதும் எளிதன்று. ஊடகச் செய்திகளுக்கு அத்தகைய தடை மிக அரிதாகவே விதிக்கப்பட வேண்டும் என்று 2024 மார்ச்சில் ப்ளூம்பெர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

எழுதியவர் யாரென்றே தெரியாவிட்டால், பெயர் அறியாத எதிர்மனுதாரர் மீது வழக்குத் தொடரலாம். இவ்வகை உத்தரவுகளை இந்திய நீதிமன்ற வட்டாரத்தில் ‘அசோக் குமார்’ உத்தரவு என்பார்கள். கணக்கின் விவரத்தைத் தரும்படி தளத்துக்கு நீதிமன்றம் ஆணையிடலாம்.

2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அதிகாரியிடம் புகார் செய்வது செலவில்லாத வழி. அவர் முடிவு திருப்தி தராவிட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவை நாடலாம். ஆனால் 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தளங்கள் அவதூறுப் பதிவை நீக்குவது அரிது.

கடுமையான விமர்சனமெல்லாம் அவதூறு ஆகாது, ஆகவும் கூடாது. நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்ட கருத்துக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. உரிமையியல் வழக்கில் சொன்னது உண்மை என்று நிரூபித்தாலே போதும். குற்றவியல் வழக்கிலோ, அந்த உண்மை பொதுநலனுக்காகச் சொல்லப்பட்டது என்றும் காட்ட வேண்டும்.