அடுக்களைப் புகையும் வயிற்றுப் பிள்ளையும்



கல் தூசியைப் பற்றி மயிலாடிக்காரர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. உளி பிடித்துச் சிலை கொத்துகிறவருக்கும், மிஷின் வைத்துக் கல் அறுக்கிறவருக்கும் அது நெஞ்சை என்ன செய்யும் என்று தெரியும். வருஷக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரும். அதைக் குணமாக்க மருந்து இல்லை. காசநோயும் எளிதில் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் விட்டு அறுப்பது, முகமூடி கட்டுவது எல்லாம் அவசியம்தான். ஆனால் இந்தப் பிரசுரம் வேறொரு தூசியைப் பற்றியது. பட்டறையில் புருஷன் கல் தூசியில் நிற்கும் அதே நேரத்தில், வீட்டு அடுக்களையில் மனைவி அந்தத் தூசியில் நிற்கிறாள். அதன் பெயர் புகை.

புகை எப்படித் தூசியாகும் என்று கேட்பீர்கள். ஓலை, மட்டை, கொதும்பு, சிரட்டை, விறகு எதுவானாலும் முழுவதும் எரிந்து தீராமல் போகும் பகுதி பொடிப்பொடியாகக் காற்றில் கலக்கிறது. அதில் மிக நுண்ணிய பொடி, நம் தலைமயிரின் கனத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு முடியிலோ தொண்டைச் சளியிலோ அது சிக்காது. நேரே நுரையீரலின் அடி வரைக்கும் இறங்கிவிடும்.

இதை அளந்து பார்ப்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் சிலர் உண்டு. அமெரிக்க விஞ்ஞானி கிர்க் ஸ்மித் 1981-ல் குஜராத் கிராமங்களுக்கு வந்தார். சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே சிறு கருவியை மாட்டி, அவர்கள் சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து அளந்தார். நகரத்து ஆலைப் புகையைத்தான் அப்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கிராமத்து அடுப்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஸ்மித் பிற்காலத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 2020-ல் காலமானார்.

நம் மாநிலத்தில் அந்த வேலையைச் செய்துவருபவர் ஒரு பெண்மணி. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 436 வீடுகளில் அவரும் அவர் குழுவும் அளந்த கணக்கு 2002-ல் வெளிவந்தது. காற்றை ஒரு சின்னப் பம்பு இழுத்து வடிதாள் வழியே அனுப்பும். தாளை முன்பும் பின்பும் நுட்பமான தராசில் நிறுத்தால், கூடிய எடைதான் தூசி. கேட்க எளிதாக இருக்கிறது. நூற்றுக்கணக்கான வீடுகளில் செய்து பார்ப்பது எளிதல்ல.

அந்தக் கணக்கைத் தம்பதியர் இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு வைத்தால் ஒரு பங்குக்கு மைக்ரோகிராம் என்று பெயர். விறகு எரியும் நேரத்தில் அடுக்களையில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை தூசி இருந்தது. ஒரு முழு நாளைக்குச் சராசரி எடுத்தால், விறகில் சமைக்கிறவர் சுவாசித்த காற்றில் 231. அதே மாதிரி வீட்டில் சமையலில் சேராதவருக்கு 90. காஸ் போன்ற சுத்தமான எரிபொருள் உள்ள வீட்டில், சமைத்தாலும் சமைக்காவிட்டாலும், 82 சுற்றித்தான்.

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு விதக் காற்று! வீட்டுக்காரர் திண்ணையில் இருந்து, "புகை அப்படி ஒண்ணும் இல்லியே" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வருகிற காற்று வேறு.

வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு இதில் என்ன?

பிள்ளைக்குத் தனியாக மூச்சு கிடையாது. தாயின் ரத்தம் கொண்டுவரும் பிராண வாயுதான் அதன் மூச்சு. விறகுப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு இருக்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் சிவப்புப் பொருளோடு பிராண வாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அது ஏறிய இடத்தில் பிராண வாயுவுக்கு இடமில்லை. ஏற்கெனவே ரத்தசோகை உள்ள தாய்க்கு இது இரட்டைக் கஷ்டம். நுண்ணிய கரித்தூசி நச்சுக்கொடி வரைக்கும் போவதை 2019-ல் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள்.

தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், கர்ப்ப காலத்தில் நுண்தூசி ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் பிள்ளையின் பிறப்பு எடை சுமார் 4 கிராம் குறைவதாக 2018-ல் எழுதினார்கள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் பிள்ளைக்குச் சூடு தங்காது, பால் குடிக்கச் சிரமம், நோய் சீக்கிரம் தொற்றும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

அப்படியானால் காஸ் அடுப்பு கொடுத்துவிட்டால் பிள்ளை எடை கூடிவிடுமா? அதையும் சோதித்தார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள். இந்தியப் பங்கு நம் நாகப்பட்டினம், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்கள். பாதிப் பேருக்கு அடுப்பும் காஸும் இலவசம். மீதிப் பேர் வழக்கம்போல் விறகு. காஸ் வீட்டுத் தாய்மார் சுவாசித்த தூசி 24 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கியது. விறகு வீட்டில் 71. நல்ல வித்தியாசம்தான். ஆனால் 2022-ல் வெளியான முடிவில் பிறப்பு எடை 2,921 கிராம், 2,898 கிராம். தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம் என்றே விஞ்ஞானிகள் கொண்டார்கள்.

இதை மறைத்து, "காஸ் வாங்கினால் கொழுகொழு பிள்ளை" என்று எழுதினால் அது விளம்பரம், சுகாதாரக் கல்வி அல்ல. அதே தாய்மாரை யார் எந்த அடுப்பு என்று பார்க்காமல், யார் எவ்வளவு தூசி சுவாசித்தார் என்று பார்த்தபோது, தூசி சுமார் 75 மைக்ரோகிராம் கூடுதலாக இருந்த இடத்தில் பிள்ளை எடை 15 கிராம் குறைவாக இருந்தது. மூன்று சின்னக் கரண்டி சீனி எடைதான். பிறப்பு எடைக்குத் தாயின் சாப்பாடு, ரத்தம், ஓய்வு, முந்திய பிரசவத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளி எல்லாம் சேர்ந்தே கணக்கு. மேலும் அந்தச் சோதனையில் காஸ் வந்து சேர்ந்தபோது கர்ப்பம் இரண்டு மாதத்தைத் தாண்டிவிட்டது. சிலருக்கு நாலு மாதத்தையும் தாண்டியது. அடுப்பை மாற்ற நினைப்பவர்கள் கல்யாணமான கையோடு மாற்றுவது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம்.

"எங்கம்மை இந்த அடுப்புலதான் பொங்கி ஏழு பெத்தா, என்ன வந்துட்டு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அம்மைக்கு ஐம்பது வயதுக்கு மேல் வந்த இழைப்பும் கண்புரையும் யார் கணக்கில் எழுதுவது? பீடி தொடாத பெண்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதற்கு அடுப்புப் புகை ஒரு பெரிய காரணம். வீட்டுக்குள் எழும் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இனி வீட்டுக் காரியம். காஸ் இருந்தும் மிச்சம் பிடிக்க விறகில் பொங்குவது நம் வீடுகளில் உண்டு. குளிக்க வெள்ளம் சூடாக்குவதும் அப்படியே. மனைவி முழுகாமல் இருக்கும் மாதங்களில் அந்த மிச்சத்தை வேறு செலவில் பிடியுங்கள். விறகு எரித்தே ஆக வேண்டுமென்றால் அடுப்பை முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். தீ மூட்டுவதைப் புருஷன் செய்யட்டும். பற்றவைக்கும்போதுதான் புகை அதிகம். ஈர விறகும் பச்சை மட்டையும் ஆகாது. பிளாஸ்டிக் கவரைக் கொளுத்தித் தீ மூட்டும் பழக்கம் மிகவும் கெட்டது, அதன் புகை விஷம். அரிசி பருப்பை ஊறவைத்து, பானையை மூடிவைத்தால் அடுப்பு எரியும் நேரம் குறையும்.

புகை அடுப்போடு முடிவதில்லை. வீட்டுக்குள் பீடி, கதவடைத்த அறையில் கொசுவர்த்தி, குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணி என்று பல வாசல்கள் உண்டு. தலை காய்வதற்குத் துண்டு போதும். பிரசவமான தாய் படுக்கும் மூடிய அறையில் கங்குச் சட்டி வைப்பது உயிருக்கே ஆபத்து. முன்னே சொன்ன மணமில்லாத வாயு கங்கிலிருந்தும் வரும்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யப் போங்கள், இருவருமாகப் போங்கள். எடை, ரத்தம் பார்க்கும்போதே வீட்டில் எந்த அடுப்பு, அடுக்களைக்கு ஜன்னல் உண்டா, புருஷன் கல் வேலையா என்பதையும் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். கல் வேலைக்காரர் குளித்து உடுப்பு மாற்றிய பிறகு பிள்ளையை எடுக்கட்டும். தூசி படிந்த உடுப்பை முற்றத்தில் நனைத்துப் போடுங்கள், உதற வேண்டாம்.