கிணற்றின் அடியில் பணிபுரியும் கருவிகள்

மைசூர் நகரத்தைத் தாங்கி நிற்கும் பாறை, உலகின் மிகப் பழமையான பாறை வகைகளுள் ஒன்றாகும். 'தீபகற்ப நைஸ்' என்று நிலவியலார் வழங்கும் இப்பாறையின் வயது 300 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதனூடே பிற்காலத்தில் எழுந்த சாமுண்டி மலைக் கருங்கல்லுக்கே ஏறத்தாழ 80 கோடி ஆண்டு வயது உண்டு. நுண்ணுயிர்களின் எச்சங்கள் சேற்றோடு சேர்ந்து படிந்து, ஆழத்தில் புதைந்து, வெப்பத்தால் மாறுவதாலேயே பெட்ரோலியம் உண்டாகின்றது. அத்தகைய படிவுப் பாறைகள் இல்லாத மைசூர்ப் பகுதியில் எண்ணெயை எதிர்பார்ப்பதற்கில்லை. அங்கு நிலத்தைத் துளைப்பது தண்ணீருக்காகவே. ஆயினும், எண்ணெய்க் கிணற்றின் அடியில் இயங்கும் கருவிகளைப் புரிந்துகொள்வதற்கு மைசூரின் ஆழ்துளைக் கிணறு நல்லதொரு பாலபாடமாகும்.

மைசூர்ப் பாறையில் தண்ணீர்க் கிணறு

மைசூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணறு பெரும்பாலும் ஆறரை அங்குல அகலமுடையது. மேலேயுள்ள மண்ணும் உளுத்த பாறையும் சரிந்துவிடாதபடி அந்த அளவுக்கு மட்டும் குழாய் இறக்கப்படுகின்றது. அதற்குக் கீழே துளை வெறும் பாறையாகவே விடப்படும். கெட்டியான பாறையில் தண்ணீர் தங்க இடமில்லை. அதிலுள்ள வெடிப்புகளின் வழியாகவே நீர் ஊறி வருகின்றது. துளை, நல்ல வெடிப்பு ஒன்றைத் தொட்டால் நீர் பெருகும். தொடாவிடில் கிணறு வறண்டு கிடக்கும்.

வறண்ட கிணற்றுக்கு ஒரு சிகிச்சை உண்டு. ரப்பர் உறையுடைய அடைப்பான் ஒன்றைத் துளைக்குள் இறக்கி, வேண்டிய ஆழத்தில் விரியச் செய்வார்கள். அது பாறைச் சுவரோடு இறுகப் பொருந்தியதும், அதற்குக் கீழே பெரும் அழுத்தத்துடன் தண்ணீர் செலுத்தப்படும். மண் அடைத்த வெடிப்புகள் திறந்து, அகன்று, ஒன்றோடொன்று இணையும். இந்த அடைப்பானை 'பாக்கர்' என்று தொழிலாளர் அழைப்பர். எண்ணெய்க் கிணற்றின் தலையாய கருவிகளுள் ஒன்றும் இதுவே.

எண்ணெய்க் கிணறு ஏன் வேறுபடுகின்றது?

மைசூரை அடுத்து ஓடும் காவிரி, கடலோடு கலக்கும் கழிமுகத்தின் அடியில் நிலைமை முற்றிலும் வேறு. கோண்டுவானா என்னும் பண்டைப் பெருங்கண்டம் பிளவுபட்டபோது அங்கே நிலம் தாழ்ந்து பெரும் பள்ளங்கள் தோன்றின. இன்றைய ஆற்றுக்கு நெடுங்காலம் முன்னரே அவற்றில் மணலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்தன. எண்ணெய், இயற்கைவாயு ஆணையம் 1956-இல் நிறுவப்பட்டது. 1960-களில் காவிரிப் படுகையில் துளையிடும் பணி தொடங்கிற்று. நரிமணம், கோவில்களப்பால், குத்தாலம் முதலிய இடங்கள் பின்னர் எண்ணெயும் எரிவாயுவும் தரும் இடங்களாகப் பெயர் பெற்றன.

ஆழம் பத்து மீட்டர் கூடுந்தோறும் நீரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வாயுமண்டல அளவு உயர்கின்றது. எனவே 3,000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 300 வாயுமண்டலமாகும். வெப்பமோ நீர் கொதிக்கும் நிலையைத் தாண்டிவிடும். அன்றியும், ஒரே கிணறு மேலே நன்னீர்ப் படுகையையும், அதன்கீழ் உப்புநீர்ப் படுகைகளையும், பிறகு வாயுவும் எண்ணெயும் உள்ள படுகைகளையும் ஊடுருவிச் செல்கின்றது. இவை ஒன்றோடொன்று கலத்தல் கூடாது. ஆதலால் துளை முழுவதற்கும் எஃகு உறைக்குழாய் இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் இடையேயுள்ள சந்தில் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி இறுகச் செய்கின்றனர். இவ்வளவும் முடிந்தபின் கிணறு அடிமூடிய குழாயாகவே நிற்கின்றது. ஒரு துளி எண்ணெயும் உள்ளே வராது. அதை உற்பத்திக்கு ஆயத்தம் செய்யும் பணி இங்கேதான் தொடங்குகின்றது.

துளைக்கும் துப்பாக்கி

முதற்பணி, எண்ணெய்ப் படுகைக்கு நேராக உறைக்குழாயில் வாயில்கள் திறப்பது. முற்காலத்தில் இதற்கு எஃகுக் குண்டுகளைச் சுடும் கருவி வழங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளைத் துளைக்கப் பயன்பட்ட வெடிமருந்துத் தத்துவம், போருக்குப் பின் கிணறுகளுக்கு வந்தது. வெடிமருந்தில் கூம்பு வடிவக் குழி அமைத்து, அதற்கு மெல்லிய உலோகத் தகட்டால் உள்ளுறையிடுவர். மருந்து வெடிக்கும்போது தகடு நொறுங்கி, விநாடிக்குப் பல கிலோமீட்டர் வேகமுள்ள உலோகத் தாரையாகப் பீறிட்டு, எஃகையும் சிமெண்டையும் கடந்து பாறைக்குள் புகும். இத்தகைய மருந்துகள் பலவற்றை ஒரு நீண்ட குழாயில் வரிசையாகப் பொருத்தி, கம்பிவடத்தில் கட்டி இறக்குகின்றனர்.

குழாய், அடைப்பான், காவல் வால்வு

சிமெண்டால் பிணைக்கப்பட்ட உறைக்குழாயை எளிதில் மாற்ற இயலாது. உப்புநீரும் அரிக்கும் வாயுக்களும் அதைத் தின்றுவிடாமல் காக்க, அதனுள்ளே மற்றொரு சிறு குழாயை இறக்கி, அதன் வழியாகவே எண்ணெயை மேலே கொணர்கின்றனர். பழுதானால் இதை வெளியே இழுத்து மாற்றலாம். இவ்விரு குழாய்களுக்கும் நடுவேயுள்ள இடைவெளியை அடியில் மூடுவது அடைப்பான். இதன் எஃகுப் பற்கள் உறைக்குழாயைக் கவ்விப் பிடிக்க, ரப்பர் வளையங்கள் நசுங்கி விரிந்து வழியை அடைக்கின்றன. மைசூரில் சில மணி நேரம் மட்டும் தேவைப்படும் கருவி, இங்கே கொதிக்கும் உப்புநீரில் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருக்கின்றது.

கடலில் தோண்டிய கிணறுகளிலும் அழுத்தம் மிக்க பிற கிணறுகளிலும், தரைமட்டத்துக்குக் கீழே உற்பத்திக் குழாயில் ஒரு காவல் வால்வு பொருத்தப்படுகின்றது. மேலிருந்து மெல்லிய குழாய் வழியே வரும் எண்ணெயழுத்தம் அதைத் திறந்து வைத்திருக்கும். அந்த அழுத்தம் எக்காரணத்தாலேனும் நின்றால், வில்சுருள் வால்வை உடனே மூடிவிடும். ரயிலின் இணைப்பு அறுந்தால் வாக்குவம் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்வது போன்றதே இதுவும்.

வேறு சில துணைக்கருவிகளும் உண்டு. மணல் பொழியும் படுகைகளில் சல்லடைக் குழாய்கள் மணலைத் தடுக்கின்றன. கிணற்றின் வேகம் தளரும்போது, பக்கவால்வுகள் வழியே வாயுவைப் புகுத்தி எண்ணெயை இலேசாக்கி மேலே எழச் செய்கின்றனர். இறுகிய பாறையாயின், அழுத்தத்தால் அதைப் பிளந்து, பிளவு மூடாதிருக்க மணலை உட்செலுத்துகின்றனர். இம்முறை 1947-இல் அமெரிக்காவின் கான்ஸாஸில் முதன்முதல் சோதிக்கப்பட்டது.

சீர்காழியை அடுத்த மாதானம் பகுதியில், படிவுப் பாறைகளுக்கும் அடியிலுள்ள பழம் படிகப் பாறையின் வெடிப்புகளில் எண்ணெய் கிடைத்திருப்பது குறிப்பிடத்தக்கது. மைசூர் நிலத்தின் மேற்பரப்பில் தெரியும் பாறையினத்தைச் சேர்ந்த பாறையே அங்கு ஆழத்தில் புதைந்துள்ளது. மைசூரில் அதன் வெடிப்புகளில் தண்ணீர். மாதானத்திலோ, அருகிலுள்ள படிவுகளிலிருந்து ஊர்ந்து வந்த எண்ணெய்.

காவல் தவறினால்

ஒரு கிணற்றை ஆயத்தம் செய்யும்போது, ஒன்று தவறினாலும் மற்றொன்று தாங்கும்படி இரண்டு தடுப்புகள் எப்பொழுதும் இருத்தல் வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. அஸ்ஸாமின் பாக்ஜான் என்னுமிடத்தில், பழைய கிணறு ஒன்றில் வேறொரு படுகையிலிருந்து வாயு எடுக்க ஆயத்தம் செய்கையில், 2020 மே 27 அன்று வாயு கட்டுக்கடங்காமல் பீறிட்டது. ஜூன் 9 அன்று அது தீப்பற்றிற்று. தீயணைப்பு வீரர் இருவர் உயிர் துறந்தனர். ஆயிரக்கணக்கானோர் வீடு விட்டு வெளியேறினர். நவம்பர் நடுவில்தான் கிணறு முற்றிலும் அடங்கியது.

காவிரிக் கழிமுகம் தமிழகத்தின் நெற்களஞ்சியம். அங்கே நன்னீர் கெடுமோ என்னும் உழவர்களின் கவலை, உறைக்குழாய், சிமெண்டு, அடைப்பான் ஆகிய மூன்றின் உறுதியைப் பற்றிய கவலையேயாகும். 2020-இல் தமிழ்நாடு அரசு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், அம்மண்டலத்தில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடை செய்தது; ஏற்கெனவே நடைபெற்றுவந்த பணிகளை அது நிறுத்தவில்லை. ஆகவே பழைய கிணறுகளைப் பழுதின்றிப் பேணுவதும், பயன் தீர்ந்தவற்றைச் சிமெண்டுத் தக்கைகளால் பல இடங்களில் அடைத்து மூடுவதும் தொடர்ந்து செய்யவேண்டிய பணிகளாகும். கிணற்றைத் திறப்பதற்கு வேண்டிய அதே திறமையும் கவனமும் அதை மூடுவதற்கும் வேண்டும்.