ஏரிப் பாசனம்: எல்லையை எங்கே வகுப்பது?

ஏரியில் நீர் இருக்கிறது, மதகும் திறந்திருக்கிறது, ஆனாலும் கடைமடையில் பயிர் காய்கிறது. ஏரிப் பாசனப் பகுதிகளுக்குச் செல்லும்போதெல்லாம் இம்முறையீட்டைக் கேட்கிறோம். காரணம் என்ன என்று கேட்டால் தலைமடைக்காரர் வாய்க்காலைக் காட்டுவார். கடைமடைக்காரர் தலைமடைக்காரரைக் காட்டுவார். நீர்க்கட்டி மதகின் பழுதைக் காட்டுவார். அலுவலரோ அது தம் துறையைச் சேர்ந்ததன்று என்பார். ஒவ்வொருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும் சிக்கல் தீர்வதில்லை. ஒவ்வொருவரும் ஏரிக்கு வெவ்வேறு எல்லையை மனத்தில் வைத்துப் பேசுவதே இதற்குக் காரணமாகும்.

பம்புசெட் வைத்திருப்போருக்கு இது எளிதில் விளங்கும். நீர் இறைக்கவில்லை என்றால் மோட்டாரை மட்டும் கழற்றிப் பார்ப்பவர் வீண் செலவு செய்வார். ஃபுட்வால்வு அடைத்திருக்கலாம், மின்னழுத்தம் குறைந்திருக்கலாம், கிணற்றில் நீர்மட்டமே இறங்கியிருக்கலாம். பல உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து ஒரு பணியைச் செய்யுமானால் அதனை 'அமைப்பு' என்கிறோம். பழுது எங்குள்ளது என்று தேடுமுன், எதுவரை தேடுவது என்று முடிவு செய்துகொள்ளல் வேண்டும்.

ஏரி பம்புசெட்டைவிடச் சிக்கலானது. அதில் மனிதரும் உறுப்புகள். மேலும், ஏரியில் நிற்கும் நீர் வெறும் சரக்கே. பூட்டைப் பருவத்திலும் பால் பிடிக்கும் பருவத்திலும் உரிய நாளில் அது உங்கள் வயலுக்கு வந்து சேர்வதே பாசனம் என்னும் சேவை. பத்து நாள் பிந்தி வந்த நீர், அளவில் குறையாவிட்டாலும், பயனில் பாதிகூட இராது.

நான் வரைந்த முதல் எல்லை

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுடன் ஓர் ஏரியில் பயிற்சிப் பணி மேற்கொண்டேன். ஆயக்கட்டு சுமார் 70 ஏக்கர். கடைசி 12 ஏக்கரில் மூன்று ஆண்டுகளாக நெல் முழுதாக வீடு வந்து சேரவில்லை. நாங்கள் மதகு முதல் கடைசி வயல் வரை அளந்தோம். மதகுப் பலகையில் ஒழுக்கு, வாய்க்காலில் கோரைப்புல், இரண்டு இடங்களில் கரை உடைப்பு. எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்தோம், ஊரார் சீர்செய்தார்கள். எனக்கும் மனநிறைவாக இருந்தது.

அடுத்த பருவத்தில் அதே 12 ஏக்கர் பால் பிடிக்கும் நேரத்தில் மீண்டும் காய்ந்தது. அங்கே 60 சென்ட் நிலம் வைத்திருந்த ஒரு மூதாட்டி, "படம் நல்லாத்தான் போட்டீங்க தம்பி, அதுல ஏரிக்குத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு போடலையே" என்றார். முதுகலைப் பட்டம் பெற்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வரைபடம் மதகில் தொடங்கியது. ஏரி பாதிதான் நிரம்பியிருந்தது என்பது படத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

பிறகு வரத்துக்கால் வழியே மேல் ஏரியின் கலுங்கு வரை நடந்தோம். வழியில் சாலைக்கடியிலுள்ள பாலத்தின் கண் முக்கால் பங்கு மண்ணால் மூடிக் கிடந்தது. ஓரிடத்தில் வயல் வரப்பு கால்வாய்க்குள் நீண்டிருந்தது. சீமைக்கருவேல் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதில் கணக்கும் உண்டு. ஒரு எக்டர் நெல்லுக்குப் பருவம் முழுவதற்கும் ஏறத்தாழ 1,200 மி.மீ. நீர் தேவை, அதாவது 12,000 கன மீட்டர். ஒரு மில்லியன் கனஅடி என்பது சுமார் 28,300 கன மீட்டர். மழை உதவாமற்போனால், வயலைச் சென்றடைந்த ஒரு மில்லியன் கனஅடி நீர் ஏறக்குறைய 6 ஏக்கர் நெல்லுக்கே போதுமானது. வரத்துக்கால் அடைப்பால் 2 மில்லியன் கனஅடி குறைந்தால் 12 ஏக்கர் போயிற்று. வாய்க்காலை எவ்வளவு செப்பனிட்டாலும் வராத நீரைப் பாய்ச்ச இயலாது. ஏரியை ஆழப்படுத்துவதும் இத்தகையதே. வரத்துக்கால் அடைபட்டிருக்கையில் கொள்ளளவைப் பெருக்கிப் பயனில்லை. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியில் நிற்கும் நீர், நிலத்தடிக்கும் கால்நடைக்கும் உதவலாம். மதகு வழியே வயலுக்கு வராது.

அப்படியானால் எல்லாவற்றையும் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அந்தத் தவற்றையும் செய்தோம். மேலேயுள்ள ஏரிகள் அனைத்தையும், காட்டு ஓடை வரை, ஒரே படத்தில் கொண்டுவந்து கூட்டம் போட்டோம். பேசினோம், கலைந்தோம். எவரும் மண்வெட்டியைத் தொடவில்லை. எல்லை மிகக் குறுகினால் காரணம் தப்பிவிடும். மிக விரிந்தால் பொறுப்பு தப்பிவிடும்.

இரண்டு கேள்விகள்

அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சர்ச்மன் என்பவர், 1968இல் வெளியிட்ட நூலொன்றில் இதற்கு எளிய வழி கூறியிருக்கிறார். ஒன்றைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இதனைக் குறித்து நம்மால் ஏதேனும் செய்ய முடியுமா? நம் நோக்கத்துக்கு இது பொருட்படுத்தத்தக்கதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அது எல்லைக்குள் வரும். பொருட்படுத்தத்தக்கது, ஆனால் நம்மால் மாற்ற இயலாது என்றால் அது சூழல். அதைக் கவனித்து அதற்கேற்ப நடக்க வேண்டும். பொருட்டே இல்லாததை விட்டுவிடலாம்.

வடகிழக்குப் பருவமழை சூழலைச் சேர்ந்தது. மழை குறைந்தால் பயிரைத்தான் மாற்ற முடியும். உளுந்துக்குச் சுமார் 300 மி.மீ. நீர் போதும் என்பதால், 6 ஏக்கர் நெல்லுக்கான நீரில் 23 ஏக்கர் வரை உளுந்து விளைவிக்கலாம். வரத்துக்கால் அப்படியன்று. "அது அரசாங்கச் சாலைப் பாலம், நம்மால் என்ன முடியும்?" என்று அவ்வூரார் முதலில் கூறினர். தனி ஒருவரால் முடியாதுதான். எழுபது ஏக்கர்காரர்களும் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தபோது பாலத்தின் கண் திறந்தது. 'நம்மால்' என்ற சொல்லில் எத்தனை பேர் அடங்குகின்றனர் என்பதைப் பொறுத்தே எல்லை நகர்கிறது.

அலுவலக எல்லையை நீரின் எல்லை என்று எண்ணிவிடலாகாது. தமிழ்நாட்டில் 40 எக்டருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதனினும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் உள்ளன. நிலப் பதிவேடு வருவாய்த் துறையிடம், மேற்புறக் காடு வனத்துறையிடம். விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மை பற்றிய 2000ஆம் ஆண்டுச் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் பரப்பை நீரோட்டத்தின் அடிப்படையில் வகுக்கச் சொல்கிறது. இது நல்ல முன்னேற்றமே. ஆயினும் சங்கத்தின் பரப்பு ஆயக்கட்டுதான். ஏரிக்கு நீர் கொண்டுவரும் பகுதி அதற்கு வெளியே நிற்கிறது. ஆகவே மேல் ஏரிச் சங்கத்தாருடன் ஆண்டுக்கொரு முறையேனும் கலந்து பேசுதல் இன்றியமையாதது.

கிணறு உள்ளே, மனிதர் வெளியே?

எங்கள் படத்தில் இன்னொன்றும் விடுபட்டிருந்தது. ஆயக்கட்டுக்குள் 19 கிணறுகள் இருந்தன. வாய்க்காலில் கசியும் நீரை நாங்கள் 'இழப்பு' என்று எழுதியிருந்தோம். வாய்க்காலை மட்டும் எல்லையாகக் கொண்டால் அது இழப்பே. கிணறுகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்நீரில் ஒரு பங்கு கிணற்றில் ஊறி மறுபடி பயிருக்கே வருகிறது. அந்த வாய்க்காலுக்கு நெடுகச் சிமெண்டு பூசியிருந்தால் கடைமடைக்கு நீர் கூடியிருக்கும். சில கிணறுகள் குறைந்திருக்கும். எது நல்லது என்பதை எஞ்சினீயர் மட்டும் தீர்மானிக்க முடியாது.

கிணறு உள்ளவர்கள் மார்கழியிலேயே மதகை அடைத்துவிட வேண்டும் என்றனர். ஏரியில் நீர் நின்றால் கிணற்றில் ஊற்று நிற்கும். மீன் குத்தகை எடுத்தவரும் அதையே விரும்பினார். உள்வாய் நிலத்தில் பயிர் செய்தவர்களோ ஏரி நிரம்பவே கூடாது என்று நினைத்தனர். வெளிப்படையாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கிணறு இல்லாத கடைமடைக்காரர்கள் மதகு திறந்திருந்தால்தான் பிழைப்பார்கள். ஆனால் கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கிணறுள்ளவர்கள். எல்லைக்கோட்டை வரைபவர் யார் என்பதே பல சமயம் யார் பயிர் காயும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. ஆகவே படம் வரைந்து முடித்ததும், வராதவர் யார், இம்முடிவால் யார் நட்டமடைவர் என்று கேட்டு அவர்கள் பெயர்களையும் படத்தின் ஓரத்தில் எழுதுதல் வேண்டும்.

அவ்வூரில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. தை முதல் வாரத்தில் மதகு அடைக்கப்படும். அதன்பின் கடைமடை நெல்லுக்குத் தேவையான கடைசி இரண்டு தண்ணீரைக் கிணறுள்ளவர்கள் தருவர். இறைப்புச் செலவைச் சங்கம் ஏற்கும். ஏரி பாதிக்குக் குறைவாக நிரம்பிய ஆண்டில் கடைமடையில் உளுந்து. இரண்டு ஆண்டுகள் இது நன்றாக நடந்தது. மூன்றாம் ஆண்டு ஒரு கிணற்றுக்காரர் மறுத்துவிட்டார். மறுபடி உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. மூதாட்டியின் 60 சென்டில் அவ்வாண்டு உளுந்துதான். வீடு வந்து சேர்ந்தது.

இப்பணியைத் தொடங்க விரும்புவோர், புரட்டாசி முடிவதற்குள் நாலைந்து பேராக மேல் ஏரியின் கலுங்கிலிருந்து உங்கள் கடைசி வயல் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். கையில் ஒரு தாளும் பென்சிலும் போதும். நீர்க்கட்டியையும் கடைமடைக்காரர் ஒருவரையும் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். முதல் பெருமழை பெய்த மறுநாள் அதே வழியில் மீண்டும் நடந்தால், தாளில் நீங்கள் குறிக்காத இடங்களை நீரே காட்டிக்கொடுக்கும்.